வாசனையால் ஒரு காட்டுப் பூச்சியைத் தடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் ஓக் காடுகள் சிலவற்றின் மேல் ஆண்டுதோறும் கோடைத் தொடக்கத்தில் சிறு விமானங்கள் தாழப் பறக்கின்றன. அவை தூவுவது பூச்சிக்கொல்லி அல்ல, ஒரு பெண் அந்துப்பூச்சியின் வாசனை. அதனால் எந்தப் பூச்சியும் செத்து விழுவதில்லை. ஆனாலும் அந்தப் பூச்சி புதிய காடுகளுக்குள் நுழையும் வேகம் பாதிக்கும் கீழே குறைந்திருக்கிறது. வனவியல் மாணவர்களும் இயற்கை விவசாயிகளும் இந்த முறையைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறேன்.

பூச்சியின் அறிவியல் பெயர் லைமான்ட்ரியா டிஸ்பார். இப்போது அதை ஸ்பாஞ்சி மாத் என்கிறார்கள். 2022-க்கு முந்தைய நூல்களில் ஜிப்ஸி மாத் என்று இருக்கும். இரண்டும் ஒரே பூச்சிதான். இங்கே ஸ்பாஞ்சி அந்துப்பூச்சி என்றே எழுதுகிறேன்.

இனச்சேர்க்கைக் குழப்பம் என்றால் என்ன?

பெண் அந்துப்பூச்சி தன் வயிற்று நுனியிலிருந்து ஒரு வேதிப்பொருளைக் காற்றில் கசியவிடுகிறது. ஆண் அதை உணர்ந்து, காற்றை எதிர்த்துப் பறந்து அவளிடம் வந்து சேர்கிறது. இந்தப் பொருள்தான் இனக்கவர்ச்சி பெரோமோன். அதையே ஆலையில் தயாரித்துக் காடெங்கும் பரப்பிவிட்டால், எந்த வாசனை உண்மையான பெண்ணிடமிருந்து வருகிறது என்று ஆணுக்குத் தெரியாமல் போகிறது. ஆண் வந்து சேராத பெண் இடும் முட்டைகள் பொரிப்பதில்லை. அடுத்த வசந்தத்தில் அந்த மரத்தில் அவளுடைய புழுக்கள் இருக்காது.

எங்கள் வயலில் வைக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும் இதுவும் ஒன்றா?

பொருள் ஒன்று, பயன்படுத்தும் விதம் வேறு. கத்தரித் தோட்டத்திலும் மக்காச்சோளத்திலும் நாம் வைக்கும் பொறி ஆண் பூச்சியை வரவழைத்துப் பிடிக்கிறது. எத்தனை விழுந்தது என்று எண்ணிப் பார்த்து, மருந்து அடிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறோம். குழப்பும் முறையில் பிடிப்பதே கிடையாது. ஆணைப் பறக்கவிட்டு, அதன் தேடலைப் பயனற்றதாக்குகிறார்கள்.

ஆனால் காட்டில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. எங்கே தூவ வேண்டும் என்பதைப் பொறிகள்தாம் காட்டிக்கொடுக்கின்றன. பொறி வைக்காமல் தூவ மட்டும் செய்வது கண்ணை மூடிக்கொண்டு செலவு செய்வதுதான்.

இந்தப் பூச்சி அமெரிக்காவுக்கு எப்படி வந்தது?

எட்டியன் லியோபோல்ட் ட்ரூவெலோ என்ற பிரெஞ்சுக்காரர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மெட்ஃபர்டு ஊரில் குடியிருந்தார். பட்டு எடுக்கும் ஆசையில் பலவகை அந்துப்பூச்சிகளை வளர்த்துப் பார்த்தவர். 1860-களின் இறுதியில் ஐரோப்பாவிலிருந்து இந்தப் பூச்சியையும் கொண்டுவந்தார். அவற்றில் சில தப்பித்து அக்கம்பக்கத்து மரங்களுக்குப் போய்விட்டன. ட்ரூவெலோ பிறகு பூச்சிகளை விட்டுவிட்டு வானியலுக்குத் திரும்பி, கோள்களையும் சூரியனையும் வரைந்து புகழ்பெற்றார்.

இருபது ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. 1889 கோடையில் மெட்ஃபர்டு தெருக்களில் கம்பளிப்புழுக்கள் மொய்த்தன. மரங்கள் மொட்டையாக நின்றன, வீட்டுச் சுவர்களிலும் நடைபாதைகளிலும் புழுக்கள் ஊர்ந்தன. மாநில அரசு அடுத்த ஆண்டே ஒழிப்பு வேலையைத் தொடங்கியும் பலன் இல்லை. பூச்சி மெல்ல மெல்ல மேற்கேயும் தெற்கேயும் நகர்ந்தது. 1950-களில் விமானத்திலிருந்து டி.டி.டி. மருந்தைப் பெரும் பரப்பில் கொட்டினார்கள். அதற்கும் பூச்சி அடங்கவில்லை. 1981-ல் மட்டும் வடகிழக்கு மாநிலங்களில் ஏறத்தாழ 1 கோடியே 29 லட்சம் ஏக்கர் காட்டின் இலைகளைப் புழுக்கள் தின்று தீர்த்தன.

அந்த இருபது ஆண்டு அமைதியைக் கவனிக்க வேண்டும். பூச்சி குறைவாக, சிதறலாக, கண்ணில் படாமல் இருந்த காலம் அது. இன்றைக்கு வாசனையைப் பயன்படுத்துவது அப்படிப்பட்ட கட்டத்தில்தான்.

புழு என்ன தின்கிறது? மரம் செத்துவிடுமா?

ஓக் மரம்தான் முதல் விருப்பம். பிர்ச், ஆஸ்பென் என்று முந்நூறுக்கும் மேற்பட்ட தாவரங்களைத் தின்னும். நல்ல ஆரோக்கியமான ஓக் ஒருமுறை மொட்டையானால் அதே கோடையில் மறுபடி துளிர்த்துவிடும். இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மொட்டையாகி, கூடவே வறட்சியும் வந்தால் பட்டுப்போகும்.

பெண் பூச்சி பறக்காது என்கிறார்களே, உண்மையா?

ஐரோப்பிய வகையில் உண்மை. அமெரிக்காவில் பரவியிருப்பது அதுதான். பெண்ணுக்கு வெள்ளையாக, அழகான இறக்கைகள் உண்டு. ஆனால் முட்டைகளால் உடல் கனத்திருப்பதால் பறப்பதில்லை. கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, பெரும்பாலும் ஒரு மரத்தின் அடித்தண்டில் உட்கார்ந்துகொள்ளும். வயிற்று நுனியை நீட்டி வாசனை விடும். வளர்ந்த பூச்சி எதையும் தின்பதில்லை. புழுப் பருவத்தில் சேர்த்துவைத்த சத்தைக் கொண்டு சில நாட்களே வாழ்கிறது. அந்தச் சில நாட்களுக்குள் ஆண் வந்தாக வேண்டும்.

ஆண் பழுப்பு நிறம், ஒல்லி உடல். அந்துப்பூச்சிகள் என்றால் இரவில் பறப்பவை என்று நினைப்போம், இதன் ஆண் பகலில் பறக்கும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஓக் காட்டுக்குள் நின்றால், அவை மரத்துக்கு மரம் வளைந்து வளைந்து பறப்பதைப் பார்க்கலாம். தலையில் இறகு போன்ற இரண்டு உணர்கொம்புகள். அந்த இறகின் ஒவ்வொரு கிளையிலும் பெண்ணின் வாசனையை மட்டுமே உணர்வதற்கென்று நுண்மயிர்கள் நெருக்கமாக இருக்கின்றன.

சேர்க்கை முடிந்ததும் பெண் வாசனை விடுவதை நிறுத்திவிட்டு முட்டையிடத் தொடங்கும். ஒரே குவியலில் நூற்றுக்கணக்கான முட்டைகள், சிலசமயம் ஆயிரம்கூட. தன் வயிற்று மயிரைக் கொண்டே அந்தக் குவியலை மூடிவிடும். தொட்டால் பஞ்சுபோல் இருக்கும் அந்தக் குவியல் குளிர்காலம் முழுக்க மரப்பட்டையில், கல்லில், கார் சக்கரத்தின் உட்புறத்தில், விறகுக் கட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். பெண் பறக்காதபோதும் பூச்சி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் போவது இப்படித்தான். குடும்பத்தோடு முகாம் போகிறவர்கள் ஏற்றிச்செல்லும் விறகு ஒரு புதிய குடியேற்றத்தைத் தொடங்கிவைக்கப் போதும்.

பெண் பறக்காது என்பது இந்த முறைக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. தூவிய காட்டுக்குள், வெளியே சேர்க்கை முடித்துவிட்டு முட்டையோடு பறந்துவரும் பெண் கிடையாது. ஆசிய வகையில் பெண் நன்றாகப் பறக்கும். அதனால்தான் கிழக்காசியத் துறைமுகங்களிலிருந்து வரும் கப்பல்களை அமெரிக்காவும் கனடாவும் முட்டைக் குவியல் இருக்கிறதா என்று அத்தனை கவனமாகச் சோதிக்கின்றன.

அந்த வாசனை என்ன என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பொறுமையாகத்தான். இனக்கவர்ச்சி பெரோமோன் ஒன்றை முதன்முதலில் பிரித்தெடுத்து அடையாளம் கண்டவர் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் புட்டநான்ட். 1959-ல் பட்டுப்பூச்சியில் அதைச் செய்தார். அவருக்கு ஐந்து லட்சம் பெண் பட்டுப்பூச்சிகள் தேவைப்பட்டன.

அடுத்த ஆண்டே அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் ஸ்பாஞ்சி அந்துப்பூச்சியின் வாசனையையும் கண்டுவிட்டோம் என்று அறிவித்தார்கள். இங்கேயும் ஐந்து லட்சம் பெண் பூச்சிகளின் வயிற்று நுனிகளைச் சேகரித்திருந்தார்கள். ஆனால் அந்த முடிவு தவறு. அவர்கள் சொன்ன பொருளைச் செயற்கையாகச் செய்து காட்டில் வைத்தபோது ஆண் பூச்சிகள் வரவில்லை. சரியான விடை 1970-ல் வந்தது. பார்பரா பியர்ல், மோர்ட்டன் பெரோசா, கோலியர் ஆகியோர் 78,000 பெண் பூச்சிகளின் வயிற்று நுனிகளிலிருந்து உண்மையான பொருளைக் கண்டறிந்து டிஸ்பார்லூர் என்று பெயரிட்டார்கள். முதல் அறிவிப்பில் பங்கேற்ற பெரோசாவே சரியான விடையைக் கண்ட குழுவிலும் இருந்தார் என்பது எனக்கு மிகவும் மதிப்புக்குரிய செய்தி.

டிஸ்பார்லூர் 19 கார்பன் அணுக்கள் கொண்ட, எபாக்சைடு என்ற வகையைச் சேர்ந்த சேர்மம். இடக்கையும் வலக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்கள் இதற்கு உண்டு. ஆணை இழுப்பது ஒரு வடிவம் மட்டும்தான். மற்றது கலந்தால் ஈர்ப்பு குறையும். ஆகவே பொறிக்குத் தூய வடிவம் வேண்டும், அது விலை அதிகம். தூவுவதற்கோ இரண்டும் சரிபாதி கலந்த மலிவான கலவையே போதும். வேலை ஆணைத் தடுமாற வைப்பதுதானே தவிர, ஒரு புள்ளிக்கு வரவழைப்பதல்ல.

வாசனை நிறைந்த காட்டில் ஆண் பூச்சிக்கு உண்மையில் என்ன நடக்கிறது?

பெண்ணிடமிருந்து வரும் வாசனை காற்றில் சீராகப் பரவுவதில்லை. நூலிழைபோல் கிழிந்து கிழிந்து மிதக்கிறது. ஆண் ஓர் இழையைத் தொட்டதும் காற்றை எதிர்த்து முன்னே பாயும். இழை நழுவினால் முன்னேறுவதை நிறுத்தி, இடமும் வலமும் குறுக்கே பறந்து அடுத்த இழையைத் தேடும். இப்படி நொடிக்கு நொடி கிடைக்கும் தகவலை வைத்துத்தான் வழி கண்டுபிடிக்கிறது.

செயற்கை வாசனை பரவிய காட்டில் பல கோளாறுகள் ஒன்றாக நேர்கின்றன. இலையில் ஒட்டிய ஒவ்வொரு துகளும் ஒரு பொய்ப் பெண். ஆண் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப்போய்த் தன் குறுகிய வாழ்நாளை வீணாக்கலாம். எங்கும் வாசனை நிறைந்திருப்பதால் உண்மையான பெண்ணின் இழை அதில் கரைந்து போகலாம். திருவிழாக் கூட்டத்தில் பத்து ஒலிபெருக்கிகளும் ஒரே பெயரை அழைத்துக்கொண்டிருந்தால், பக்கத்தில் நின்று கூப்பிடும் குரல் எப்படிக் காதில் விழும்? அதுபோலத்தான். ஓயாமல் தூண்டப்படும் உணர்கொம்பும் மூளையும் அந்த வாசனைக்கே மரத்துப் போவதும் உண்டு. எது எவ்வளவு பங்கு என்பது பூச்சிக்குப் பூச்சி, வாசனையின் அளவுக்கு அளவு மாறும்.

எப்படித் தூவுகிறார்கள்? எவ்வளவு?

மிகச் சிறிய அளவு. ஏக்கருக்கு 6 கிராம் டிஸ்பார்லூர், அதாவது ஹெக்டேருக்கு ஏறத்தாழ 15 கிராம். தொடக்கத்தில் இதைவிடப் பல மடங்கு அதிகமாகப் போட்டார்கள். குறைந்த அளவும் போதும் என்று களச் சோதனைகள் காட்டிய பிறகு படிப்படியாகக் குறைத்தார்கள்.

இரண்டு வடிவங்களில் தூவுகிறார்கள். ஒன்று பிளாஸ்டிக் துகள். சுமார் 3 மில்லிமீட்டர் நீளம், 1 மில்லிமீட்டர் அகலம், பச்சை நிறம். இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வாசனை அடைபட்டிருக்கும், விளிம்புகள் வழியே வாரக்கணக்கில் மெல்லக் கசியும். விமானத்தின் இறக்கைக்குக் கீழுள்ள கருவி இந்தத் துகள்களைப் பசையோடு கலந்து வீசுகிறது, அவை இலைகளிலும் கிளைகளிலும் ஒட்டிக்கொள்கின்றன. இன்னொன்று மெழுகுக் குழம்பு. சிறு சொட்டுகளாக விழுந்து காய்ந்தபின் வாசனையை வெளிவிடும். இது மண்ணில் மட்கிவிடும், இயற்கை வேளாண்மைச் சான்று பெற்ற வகையும் இருக்கிறது.

தூவும் நேரம் முக்கியம். ஆண் பூச்சிகள் பறக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பு, இடத்தைப் பொறுத்து ஜூன் அல்லது ஜூலைத் தொடக்கத்தில் முடித்துவிட வேண்டும். ஆண்கள் பெண்களைவிடச் சில நாட்கள் முன்னதாகவே கூட்டைவிட்டு வருகின்றன. தாமதித்தால் அந்த ஆண்டு வாய்ப்பு போயிற்று. வருடத்துக்கு ஒரே தலைமுறைதான்.

மரங்கள் மொட்டையாகிக்கொண்டிருக்கின்றன. இப்போது தூவினால் பலன் உண்டா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள் என்பேன். வாசனை முறையைப் பற்றிய ஏமாற்றங்களில் பெரும்பாலானவை இதை அறியாமல் வருபவை.

புழுக்கள் மலிந்த காட்டில் ஒரே தண்டில் பல பெண்கள் உட்கார்ந்திருக்கும். அங்கே ஆணுக்கு வாசனையே தேவையில்லை. தண்டின் மேல் ஏறி இறங்கி நடந்தாலே ஒரு பெண்ணின்மேல் மோதிவிடும். காற்றை எவ்வளவு குழப்பினாலும் அருகருகே இருப்பவை சேர்வதைத் தடுக்க முடியாது. அந்தக் கட்டத்தில் வேறு வழிகள்தாம் உண்டு. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து செய்த மருந்தை இளம்புழுக்கள்மேல் தெளிக்கலாம். அல்லது இயற்கை தன் வேலையைச் செய்யும்வரை காத்திருக்கலாம். புழுக்கள் மிஞ்சிப் பெருகும்போது ஒரு வைரஸ் நோய் அவற்றிடையே பரவும். 1989 முதல் எண்டமோஃபேகா மைமைகா என்ற பூஞ்சையும் சேர்ந்துகொண்டது, ஈரமான வசந்தங்களில் அது புழுக்களைக் கூட்டம்கூட்டமாகச் சாய்க்கிறது. செத்த புழுக்கள் மரத்தண்டில் காய்ந்து தொங்குவதைக் காணலாம்.

பூச்சி அரிதாக இருக்கும் இடத்தில் கதையே வேறு. அங்கே வாசனை தூவாமலே பல பெண்களுக்கு ஆண் கிடைப்பதில்லை. ஓர் உயிரினம் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே போனால் தானாகவே நலிந்து அழியும் போக்கை, அதை முதலில் ஆராய்ந்த அமெரிக்க உயிரியலாளர் பெயரால் ஆலீ விளைவு என்பார்கள். ஸ்பாஞ்சி அந்துப்பூச்சி அதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. விறகோடு வந்த ஒரு முட்டைக் குவியலிலிருந்து தொடங்கிய சிறு குடியேற்றங்கள் பல, யாரும் தொடாமலே சில ஆண்டுகளில் மறைந்துவிடுகின்றன. வாசனை தூவுவது ஏற்கெனவே துணை கிடைக்காமல் தவிக்கும் அந்தச் சிறு கூட்டத்தை எல்லைக் கோட்டுக்குக் கீழே தள்ளிவிடுகிறது. மீதியைப் பூச்சியின் சொந்தப் பலவீனமே பார்த்துக்கொள்ளும்.

ஆகவே காடு பச்சையாக, செழிப்பாக, பூச்சியே இல்லாததுபோல் தெரியும்போதுதான் பணம் செலவழிக்க வேண்டும். இதை மக்களுக்கும் சட்டமன்றங்களுக்கும் புரியவைப்பது எளிதல்ல. மொட்டை மரத்தைக் காட்டி நிதி கேட்டால் கிடைக்கும். பச்சை மரத்தைக் காட்டிக் கேட்க, தரவும் துணிவும் வேண்டும்.

பரவலைத் தாமதப்படுத்தும் திட்டம் என்கிறார்களே, அது என்ன?

அமெரிக்க வனத்துறையும் பல மாநிலங்களும் சேர்ந்து நடத்தும் திட்டம். 1990-களின் முற்பகுதியில் முன்னோட்டமாகத் தொடங்கி, அந்தப் பத்தாண்டின் இறுதியில் தேசிய அளவுக்கு விரிந்தது. பூச்சி நிரம்பிய கிழக்குப் பகுதிக்கும் இன்னும் எட்டாத மேற்குப் பகுதிக்கும் நடுவே, வட கரோலினாவிலிருந்து மினசோட்டா வரை ஒரு நீண்ட பட்டையை வரைந்துகொண்டார்கள். அந்தப் பட்டையில்தான் வேலை எல்லாம். பின்னால் இருக்கும் காடுகளைக் காப்பாற்றுவது இதன் நோக்கமல்ல, முன்னால் இருப்பவற்றுக்குக் காலம் வாங்கித் தருவதுதான்.

பட்டை முழுக்கப் பொறிகளை வைக்கிறார்கள். அட்டையை முக்கோணமாக மடித்து உள்ளே பசை தடவிய எளிய பொறி அது. மையத்தில் வாசனை ஏற்றிய சிறு துண்டு. அடிப்படை இடைவெளி ஏறத்தாழ 2 கிலோமீட்டர். ஏதாவது ஓரிடத்தில் எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஆண்கள் விழுந்தால், அடுத்த ஆண்டு அந்த இடத்தில் இடைவெளியை அரை கிலோமீட்டர் அளவுக்குச் சுருக்கி, குடியேற்றத்தின் எல்லையை வரைகிறார்கள். அதன்பின்தான் விமானம். ஒவ்வொரு கோடையிலும் பல்லாயிரக்கணக்கான பொறிகளை மனிதர்கள் கையால் கட்டி, கையால் அவிழ்த்து, விழுந்த பூச்சிகளை எண்ணுகிறார்கள். வாசனை வேதியியலுக்குக் கிடைக்கும் புகழில் ஒரு பங்கு இவர்களுக்குச் சேர வேண்டும்.

1966-க்கும் 1990-க்கும் இடையே பூச்சி ஆண்டுக்குச் சராசரியாக 21 கிலோமீட்டர் முன்னேறியது. திட்டம் அதைப் பாதிக்கும் கீழே குறைத்திருக்கிறது. தூவப்படும் பரப்பில் மிகப் பெரும்பகுதி டிஸ்பார்லூர்தான். பாக்டீரியா மருந்து சிறு பகுதிக்கே.

முறை பலித்ததா என்று எப்படித் தெரியும்?

பார்க்கும் விதம் இரண்டு. முதலாவது, தூவிய காட்டில் வைத்த பொறியில் ஆண் விழுகிறதா என்பது. பொறியைக் கண்டுபிடிக்க முடியாத ஆண், பெண்ணையும் கண்டுபிடித்திருக்காது என்ற ஊகம்.

இரண்டாவது இன்னும் நேரடியானது, வர்ஜீனியாவின் அப்பமாட்டாக்ஸ் பக்கிங்ஹாம் மாநிலக் காட்டில் இதைப் பலமுறை செய்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் வளர்த்த, ஆணையே பார்த்திராத பெண் பூச்சிகளை ஓரிறக்கையை நறுக்கி மரத்தண்டுகளில் விடுவார்கள். ஆய்வகத்தில் வளர்ந்த ஆண்களையும் அந்தக் காட்டில் பறக்கவிடுவார்கள். மறுநாள் பெண்களைத் திரும்ப எடுத்துவந்து, ஆணின் விந்து உள்ளே சேர்ந்திருக்கிறதா என்று அறுத்துப் பார்ப்பார்கள், அல்லது முட்டையிடவிட்டுக் கரு வளர்கிறதா என்று பார்ப்பார்கள். கருவுற்ற முட்டைக்குள் சில வாரங்களில் மயிரடர்ந்த குட்டிப்புழு சுருண்டிருப்பது தெரியும். கருவுறாத முட்டை குழிந்து சுருங்கிவிடும். தூவிய பகுதியையும் தூவாத பகுதியையும் இப்படி ஒப்பிட்டுத்தான் ஏக்கருக்கு 6 கிராம் என்ற அளவுக்கு வந்தார்கள்.

ஒரு சிக்கலும் உண்டு. தூவிய அடுத்த கோடையிலும் எஞ்சிய வாசனை காட்டில் இருப்பதால் பொறிகளில் குறைவாகவே விழும். பூச்சியே குறைந்துவிட்டதா, வாசனை இன்னும் மறைக்கிறதா என்று அந்த ஆண்டு பிரித்தறிய முடியாது. அதனால் தீர்ப்புக்கு இன்னும் ஓராண்டு காத்திருக்கிறார்கள்.

மனிதருக்கும் தேனீக்கும் தீங்கு உண்டா?

டிஸ்பார்லூரின் நச்சுத்தன்மை மிகக் குறைவு, தூவும் அளவும் சில கிராம்தான். தேனீக்கோ மீனுக்கோ பறவைக்கோ அது ஒரு செய்தியே அல்ல. வட அமெரிக்காவில் இந்தப் பூச்சியின் பேரினத்தைச் சேர்ந்த உள்ளூர் இனம் எதுவும் இல்லை என்பதால், குழம்பிப்போக வேறு பூச்சியும் இல்லை.

விசித்திரமான ஒரு விளைவு உண்டு. இந்தப் பொருளோடு பல காலம் வேலை செய்த ஆய்வாளர்களின் உடலில் அது தங்கிவிடுகிறது. ஆராய்ச்சியை நிறுத்திப் பல ஆண்டுகள் கழித்தும் கோடையில் ஆண் பூச்சிகள் தம்மைச் சுற்றிப் பறந்ததாக அமெரிக்கப் பூச்சியியலாளர் ஒருவர் ஆய்விதழிலேயே எழுதியிருக்கிறார். உடல்நலக் கேடு ஒன்றும் இல்லை. தூவப்பட்ட காட்டில் நடந்துபோகிறவருக்கு அப்படி ஆகாது.

நியாயமான மறுப்பு என்று நான் கருதுவது பிளாஸ்டிக் பற்றியது. துகள்கள் சிறியவை, பரவலானவை, மட்காதவை. மெழுகுக் குழம்பு கிடைக்கும்போது காட்டில் பிளாஸ்டிக்கைத் தூவுவதைத் தொடர வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

பாக்டீரியா மருந்தும் இயற்கையானதுதானே? அதையே எல்லா இடத்திலும் தெளித்தால் என்ன?

அது ரசாயன மருந்துகளைவிட நல்லதுதான். ஆனால் அந்த நேரத்தில் இலை தின்னும் எந்த அந்துப்பூச்சிப் புழுவையும் வண்ணத்துப்பூச்சிப் புழுவையும் அது கொல்லக்கூடும். விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் கார்னர் புளூ என்ற அழிவின் விளிம்பிலுள்ள நீல வண்ணத்துப்பூச்சி வாழ்கிறது. அதன் புழு காட்டு லூப்பின் செடியைத் தவிர வேறெதையும் தின்னாது. அப்படிப்பட்ட இடத்தில் மருந்து தெளித்தால் காக்க வேண்டியதையும் சேர்த்து அழித்துவிடுவோம். அங்கே வாசனை முறைதான் பொருத்தம். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த முறை இத்தனை உழைப்புக்குத் தகுதியானது என்று நம்புகிறேன்.

பூச்சிகள் இதற்கும் பழகிவிடாதா?

பழக முடியும் என்பதற்கு ஜப்பானின் தேயிலைத் தோட்டங்களில் சான்று இருக்கிறது. ஷிசுவோகா பகுதியில் சிறு தேயிலை இலைச்சுருட்டிப் புழுவுக்கு எதிராக 1980-கள் முதல் பெரோமோனின் ஒரே ஒரு கூறை மட்டும் பயன்படுத்திவந்தார்கள். பத்தாண்டுக்கும் மேல் கழிந்தபோது சில தோட்டங்களில் பலன் குறைந்தது. இயற்கைக் கலவையை ஒத்த பல கூறுகளைச் சேர்த்தபின் மீண்டும் வேலை செய்தது. ஸ்பாஞ்சி அந்துப்பூச்சியில் தூவும் இடம் ஆண்டுதோறும் மாறுகிறது, அதே கூட்டம் தலைமுறை தலைமுறையாக அதே வாசனைக்குள் வாழ்வதில்லை. ஆகவே அந்த ஆபத்து குறைவு.

மற்ற காட்டுப் பூச்சிகளுக்கு இது பொருந்துமா?

சிலவற்றுக்கு மட்டும். அமெரிக்க மேற்குப் பகுதியில் பாண்டரோசா பைன் கன்றுகளின் நுனித்தளிரைத் துளைக்கும் ஒரு புழு இருக்கிறது. எண்ணிக்கையில் எப்போதும் குறைவு, ஆனால் ஒரு கன்றுக்கு ஒரு புழு இருந்தாலே அந்த ஆண்டு வளர்ச்சி போச்சு. குறைந்த எண்ணிக்கையில் அதிகச் சேதம் செய்வதால் இந்த முறைக்கு ஏற்ற பூச்சி அது. 1970-களின் பிற்பகுதியிலிருந்து நடந்த சோதனைகளில் சேதம் வெகுவாகக் குறைந்தது.

பிரான்சில் பைன் மரங்களின்மேல் ஊர்வலமாகச் செல்லும் கம்பளிப்புழு ஒன்று உண்டு. அதன் மயிர் பட்டால் மனிதருக்கும் நாய்களுக்கும் கடும் ஒவ்வாமை வரும். அங்கே பூங்காக்களில் விமானம் பறக்க முடியாது. மட்கக்கூடிய பெரோமோன் உருண்டைகளைப் பெயின்ட்பால் துப்பாக்கியால் மரத்தண்டில் சுடும் முறையை அவினியோன் நகர ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள்.

கனடாவின் ஸ்ப்ரூஸ் மொட்டுப்புழுவிடம் கதை வேறு. அதன் பெண் சேர்க்கை முடித்து, முட்டைகளில் ஒரு பகுதியை இட்டுவிட்டு, மீதியோடு காற்றில் ஏறி நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் போய் இறங்கும். நம் காட்டைக் குழப்பி என்ன பயன்?

மரப்பட்டையைத் துளைக்கும் பட்டை வண்டுகளை இதோடு சேர்க்கக் கூடாது. அவை விடுவது இரு பாலாரையும் கூட்டமாக அழைக்கும் வாசனை. மரம் நிரம்பியதும் "இடமில்லை" என்று சொல்லும் வாசனையையும் அவை விடும். டக்ளஸ் ஃபர் மரங்களைக் காக்க அந்த இரண்டாவது வகையைக் குப்பிகளில் அடைத்து மரத்தில் மாட்டுகிறார்கள். அது தனிப் பாடம்.

நம் தேக்குக் காடுகளில் பயன்படுமா?

நிலம்பூர் தேக்குத் தோட்டங்களில் பருவமழைக்குச் சற்று முந்தி வரும் இலைத்தின்னிப் புழுவைப் பற்றிக் கேட்கிறார்கள். கேரள வன ஆராய்ச்சி நிலையம் அதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறது. அந்தப் புழுவால் மரத்தின் வளர்ச்சியில் 44 சதவீதம் வரை இழப்பு ஏற்படுகிறது என்றும் கணக்கிட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பூச்சி திடீரெனத் திரளாக வந்திறங்கி முட்டையிடுகிறது, மூன்று வாரத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடுகிறது. மேலே சொன்ன எந்தச் சாதகமும் அங்கே இல்லை. அதைத் தாக்கும் வைரஸைத் தெளிப்பதுதான் அந்த நிலையம் கண்ட வழி, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

இந்தத் திட்டம் எப்போது முடியும்?

முடியும் தேதி கிடையாது. கிழக்கு மாநிலங்களில் வேரூன்றிய பூச்சியை இனி ஒழிக்க முடியாது. முன்வரிசையில் இருக்கும் தனிக் குடியேற்றங்களை ஒழிக்க முடியும், ஒழித்தும் வருகிறார்கள். அமெரிக்காவில் இந்தப் பூச்சிக்கு ஏற்ற காடுகளில் மூன்றில் ஒரு பங்குக்குள்தான் அது இதுவரை குடியேறியிருக்கிறது. தெற்கிலும் நடு மேற்கிலும் உள்ள பெரும் ஓக் காடுகள் இன்னும் தப்பித்திருக்கின்றன. இலையுதிர் காலத்தில் பொறிகளின் கணக்கைப் பார்த்து அடுத்த கோடைக்கான இடங்களைத் தேர்கிறார்கள். குளிர்காலத்தில் அந்தந்த ஊர் மக்களைக் கூட்டி விளக்குகிறார்கள், ஜூனில் விமானம் வருகிறது. ஒரு கோடை நிதி இல்லையென்று நிறுத்தினால், அந்த ஆண்டு இடப்படும் முட்டைகள் பல ஆண்டு உழைப்பை விழுங்கிவிடும்.